திரையில் பார்த்துச் சரி சொன்னால்தான் பிரிண்ட்

காரைக்குடி பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் நாகஜோதி அக்காவின் பிளக்ஸ் டிசைன் கடை இருக்கிறது. ஒரே அறை, இரண்டு கம்ப்யூட்டர். சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருப்பார்: "எல்லோரும் திரையில் பார்த்துச் சரி சொன்னால்தான் பிரிண்ட்."

அக்கா அதைச் சும்மா எழுதவில்லை. கடை போட்ட புதிதில் ஒரு கல்யாண பிளக்ஸை வாட்ஸப்பில் அனுப்பினார். மாப்பிள்ளை வீட்டார் சரி என்றதும் அடித்துக் கொடுத்துவிட்டார். மண்டப வாசலில் கட்டிய பிறகுதான் பெண்ணின் சித்தப்பா படம் விட்டுப்போனது தெரிந்தது. அந்தப் பதினைந்து அடி பிளக்ஸ் கடைசியில் யாரோ ஒருவருடைய வைக்கோல்போரை மூடியது. அதிலிருந்து சொந்தங்கள் எந்த ஊரில் இருந்தாலும் எல்லோரையும் ஒரே வீடியோ காலில் கூப்பிடுவார். தன் கம்ப்யூட்டர் திரையை அவர்களுக்குக் காட்டி, அவர்கள் பார்க்கப் பார்க்கவே படங்களை நகர்த்துவார். அவருடைய கணவர் மாயக்கண்ணன் டவுன் பஸ் கண்டக்டர். "நான் ஒரு பஸ் கூட்டத்தையே உள்ள தள்ளிடுறேன், உனக்கு நாலு மாமனை நிப்பாட்ட ஒரு மணி நேரமா?" என்று கேட்பார். "உங்க பஸ்ல நிக்கிறவுக யாரும் முன்னாடி நிக்கணும்னு சண்டை போடுறதில்லையே" என்பார் அக்கா.

போன மே மாதம் கல்லூரி விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுக்கப் போனேன். எனக்கு முன்னால் நேமத்தான்பட்டி அழகுராஜாவும் அவர் மனைவி சந்திரலேகாவும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மகள் கீர்த்திக்கு அடுத்த மாதம் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் முத்தரசு சிங்கப்பூரில் இருக்கிறார். இவர்கள் புது வீட்டுக்குக் குடிபோனபோது அவர் வரவில்லை. இரண்டு வருடமாக மச்சானும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்வதில்லை. சந்திரலேகா பலமுறை கூப்பிட்டும் அண்ணன் "பாக்குறேன்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். டிக்கெட் போடவில்லை.

முத்தரசுவுடன் வீடியோ கால் தொடங்கியது. அக்கா அவசரத்தில் ஒரு தப்பு செய்துவிட்டார். பிளக்ஸ் படத்தை மட்டும் காட்டாமல் முழுத் திரையையும் காட்டிவிட்டார். வழக்கப்படி தாய்மாமனைப் பெரிதாக வைத்த படம் ஒரு பக்கம் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே, முந்தின நாள் அழகுராஜா தனியாக வந்து போடச் சொன்ன இன்னொரு படமும் திறந்து கிடந்தது. அதில் நடுவில் அழகுராஜா நின்றார். முத்தரசு கீழே ஓரத்தில் ஒரு சின்ன வட்டத்துக்குள் இருந்தார்.

"இடது பக்கம் இருக்கது என்னம்மா?" என்றார் முத்தரசு. "என் தலை கேரம் காய் மாதிரி கெடக்கு."

சந்திரலேகா கணவரைத் திரும்பிப் பார்த்தார். "இது யாரு போடச் சொன்னது?"

"நான்தான்." அழகுராஜா தரையைப் பார்த்தார். "குடிபோன அன்னைக்கு அத்தனை பேரும் மச்சான் எங்கன்னு கேட்டாக. என்னத்தச் சொல்ல?"

முத்தரசு கேமராவை அணைத்துவிட்டுப் போய்விடுவார் என்றே நினைத்தேன். சந்திரலேகா அழத் தயாராக இருந்தார்.

அக்கா அந்தப் படத்தை மூடவில்லை. "அண்ணே, மவுஸை உங்க கையில தாரேன். எங்க நிக்கணுமோ நீங்களே நின்னுக்கிருங்க" என்று சொல்லி ஏதோ ஒரு பட்டனை அழுத்தினார். யாரும் தொடாமலே திரையில் அம்பு நகர்ந்தது. முத்தரசு தன் வட்டத்தை இழுத்துப் பெரிதாக்கினார். அழகுராஜா முறைத்தார். அடுத்து அழகுராஜாவின் படத்தை நகர்த்தப் போன முத்தரசு தெரியாமல் ஓரத்தைப் பிடித்து இழுத்துவிட, மாப்பிள்ளை முகம் புடலங்காய் மாதிரி கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது.

"என்ன மச்சான், என்னை எம்புட்டுத் தூரம் இழுக்கீக?"

"நான் எங்க மாப்ள இழுத்தேன், நீங்களே நீளுறீக."

முதலில் சிரித்தது சந்திரலேகாதான். பிறகு அழகுராஜாவால் அடக்க முடியவில்லை. சிங்கப்பூரிலிருந்தும் சிரிப்பு கேட்டது.

"அன்னைக்கு லீவு கெடைக்கல மாப்ள. வெக்கமா இருந்துச்சு, சொல்லாம விட்டுட்டேன். தப்புத்தான்" என்றார் முத்தரசு. அம்பு மறுபடி நகர்ந்தது. கீர்த்தியை நடுவில் பெரிதாக வைத்தார். தன்னையும் மாப்பிள்ளையையும் இரண்டு பக்கத்திலும் ஒரே அளவில் நிறுத்தினார்.

"எல்லாரும் பாத்தாச்சா? சரியா?" என்று அக்கா கேட்டார். மூன்று சரி வந்தது.

"டிக்கெட் இன்னைக்கே போடுறேன், லேகா" என்றார் முத்தரசு. "அம்மா, அந்த நீள மூஞ்சியையும் ஒண்ணு சின்னதா அடிச்சு வையுங்க. ஊருக்கு வர்றப்ப வாங்கிக்கிறேன்."

"அதுக்கு நான் சரி சொல்லலையே" என்றார் அழகுராஜா.

அக்கா சுவரில் இருந்த காகிதத்தைக் காட்டினார். அந்த நீள மூஞ்சியை அடிக்கவில்லை.