கறாரும் தாராளமும்

கணவர் காரின் பின் சீட்டில் ஏறும்போது டீச்சர் கை கொடுப்பதில்லை. அந்தக் கைக்கு வேறு வேலை இருக்கிறது. உள்ளங்கையை விரித்து டிக்கி மூடியின் மேல் வைத்துக்கொண்டு, அவர் உட்காரும்போது காரின் பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கிறார். தெரியாதவர்கள் காருக்குக் காய்ச்சலோ என்று நினைப்பார்கள்.

"ரெண்டு விரக்கடை" என்கிறார் டீச்சர். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

"அதையும் ஸ்பிரிங்கையே கேட்டுக்கோ" என்று உள்ளிருந்து பதில் வருகிறது.

டீச்சரின் தொழில் கார் ஓட்டக் கற்றுத்தருவது. சொந்தப் பள்ளி, ஒரே கார். முன்னும் பின்னும் சிவப்பில் எல் எழுத்துப் பலகை. வாரநாட்களில் அந்தக் கார் விக்கி விக்கி நகரும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்துபோவார்கள். "கிளட்சைத் தூங்குற குழந்தையைக் கீழ விடற மாதிரி விடுங்க" என்பது டீச்சரின் முதல் பாடம். "பிரேக் உங்க எதிரி இல்ல, ஏன் மிதிச்சே கொல்றீங்க?" என்பது இரண்டாவது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கிளட்ச் குழந்தையைத் தூக்கிப் போட்டுவிடுவார். ஊருக்கு வெளியே விமானங்கள் வராமல் போன ஓடுபாதை ஒன்று இருக்கிறது. அங்கே இரண்டு இரண்டு கார்களாக நிறுத்தி, பச்சை விளக்கு எரிந்ததும் கால் மைல் தூரம் நேராக விரட்டுவார்கள். முதலில் போய்ச் சேர்ந்தவருக்கு வெற்றி. எல்லாம் முறையான அனுமதியோடு, ஓரத்தில் ஒரு ஆம்புலன்ஸோடு. டீச்சர் அங்கும் பலகையைக் கழற்றுவதில்லை. "கழட்டினா திங்கக்கிழமை மாட்ட மறந்துடுவேன்." அதனால் அங்கே அவருக்குப் பெயர் எல் போர்டு. அவரிடம் தோற்றவர்கள் வீட்டில் போய் யாரிடம் தோற்றோம் என்று சொல்வதில்லை.

நேர்கோட்டு ஓட்டத்தில் என்ன பெரிய வித்தை என்று கேட்டால் டீச்சர் தரையில் உட்கார்ந்து ஸ்பிரிங்கைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். அவருடைய காரில் பின் சக்கரங்கள்தான் வண்டியைத் தள்ளுகின்றன. கிளம்பும் நொடியில் காரின் பாரம் பின்னால் சாய்ந்து அந்த டயர்களை ரோட்டில் அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் டயர் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகைவிடும். "மூக்கு தூக்கணும், வால் உக்காரணும். ஆனா உக்காந்துட்டு எழுந்திரிக்காம இருக்கக் கூடாது" என்பது சுருக்கம்.

பருவத்தின் கடைசி ரேஸுக்குச் சில வாரம் இருந்தது, நடுவில் வேறு ரேஸ் இல்லை. மூக்குக்காக முன்னால் உயரமான, இளக்கமான ஸ்பிரிங் போட்டார். மூக்கு தூக்கியது. ஆனால் வாரநாட்களில் மாணவர்கள் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் அதே மூக்கு தரையைப் பார்த்துக் குனிந்தது. ஏன் மேடம் இப்படிக் குனியுது என்று ஒரு வங்கி மேலாளர் கேட்டார். "உங்க மேல மரியாதை" என்றார் டீச்சர்.

வாலில்தான் வம்பு. கணவருக்கு முதுகெலும்பில் ஒரு வட்டு இடம் பெயர்ந்திருக்கிறது. காப்பீட்டு அலுவலகத்தில் நாள் முழுக்க நிபந்தனைகளைப் படிக்கும் வேலை. உட்கார்ந்து உட்கார்ந்து வந்தது. காரின் முன் சீட்டில் டீச்சருக்கென்று இன்னொரு ஜோடி பெடல் இருப்பதால் அங்கே கால் நீட்ட முடியாது. ஆகவே கல்யாணமான நாள் முதல் அவர் பின் சீட்.

பள்ளியின் பயிற்சி மைதானத்தில் சோதனை நடந்தது. டீச்சர் ஓட்டினார், கணவர் பின்னால் உட்கார்ந்து கடிகாரம் பிடித்தார். பழைய பின் ஸ்பிரிங்குகளுக்கு டீச்சர் வைத்த பெயர் தாராளம். மூக்கை மாற்றிய பிறகு அவை கிளம்பும்போது ஒரேயடியாக அமுங்கி, அடியிலிருந்த ரப்பர் கட்டையில் டொம் என்று இடித்தன. இடித்ததும் டயர் பிடியை விட்டது. பட்டறைக்காரரிடம் சொல்லிக் கெட்டியான ஜோடி ஒன்றை மாட்டினார். அதற்குப் பெயர் கறார். கார் கோடு கிழித்த மாதிரி கிளம்பியது.

"எப்படி இருக்கு முதுகு?" என்று கேட்டார் டீச்சர்.

"எனக்கு முதுகுன்னு ஒண்ணு இருக்கிறதே மறந்துபோச்சு" என்றார் கணவர்.

"பொய் சொல்லாதீங்க. உங்க முதுகு ஒரு தடவை பிடிச்சாலும் அன்னிக்கே கறாரைக் கழட்டிடுவேன். கறார் இல்லாம ஜெயிக்க முடியாது. அதோட ரேஸுக்கும் முழுக்கு."

அன்றிலிருந்து கணவருக்கு இருமல் வந்தது. அலுவலகம் போகும்போதும் வரும்போதும் இருமினார். தூசி என்றார். டீச்சர் இருமல் மருந்து வாங்கிக்கொடுத்தார். அதையும் குடித்தார். வேகத்தடை இல்லாத தெருக்களில் அவர் இருமவில்லை என்பது, மாணவர்களின் கால் நுனி அசைவைக்கூடக் கண்டுபிடிக்கும் டீச்சரின் கவனத்துக்கு வரவில்லை.

பருவத்தின் கடைசி ஞாயிறு. எதிரே பல் டாக்டர். அந்தப் பருவம் முழுக்க ஒருவரிடமும் தோற்காதவர். புதுக் கார், வெள்ளைக் கையுறை. கடைசிப் போட்டி என்பதால் இரண்டு ஓட்டம், இரண்டிலும் சேர்த்து நல்ல நேரம் யாருடையதோ அவருக்கு வெற்றி. முதல் ஓட்டத்தில் பச்சை எரிந்தது. டீச்சரின் கார் மூக்கைத் தூக்கியது. வால் உட்காரவில்லை. பின் டயர்கள் தத்தித் தத்திக் குதித்துப் புகைந்து, ஒருவழியாக நகர்ந்தன.

"எங்க காணோம் எல் போர்டு? ரிவர்ஸ்ல வர்றீங்களோன்னு பாத்தேன்" என்றார் டாக்டர்.

பின்பக்கத்தைத் தூக்கிப் பார்க்க, டீச்சர் ஜாக்கி எடுக்க டிக்கியைத் திறந்தார். ஜாக்கிக்குப் பின்னால் ஒரு மூட்டை இருந்தது. சுற்றியிருந்தது கணவரின் இடுப்பு பெல்ட். எலும்பு டாக்டர் இனித் தேவையில்லை என்று சொல்லிவிட்டதாக அவர் சொன்ன அதே பெல்ட். பிரித்தால் உள்ளே தாராளம், ஜோடியாக.

"என்னங்க இது?"

கணவர், ரேஸுக்கு உதவியாக வந்திருந்த பட்டறைக்காரரைப் பார்த்தார். பட்டறைக்காரர், விமானமே வராத வானத்தைப் பார்த்தார்.

"இல்ல, திங்கக்கிழமை மாட்டிக்கிட்டு சனிக்கிழமை திரும்பக் கறாரைப் போட்டுடலாம்னு. உனக்குத் தெரியாம."

"எனக்குத் தெரியாம? இந்தக் கார்ல?"

"யோசனைதான். இன்னும் செய்யல."

"அப்போ அந்த இருமல்?"

கணவர் ஒரு முறை இருமினார். டீச்சர் சிரிக்கவில்லை.

"சொன்னது சொன்னதுதான்" என்று பட்டறைக்காரர் பக்கம் திரும்பினார். "கழட்டுங்க அண்ணே. வீட்டுக்குப் போலாம்."

காரைத் தூக்கி நிறுத்தி, கறாரை உருவிவிட்டுத் தாராளத்தை மாட்டினார்கள். வீட்டுக்குப் போவதற்காக மாட்டியது. டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் டிக்கி மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். பின்பக்கம் நினைத்ததைவிட உயரமாக நின்றது. மறுபடி அழுத்தினார். காலியாக இருந்த பின் சீட்டைப் பார்த்தார். பிறகு, வெளியே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற கணவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"உங்களைக் கழிக்கவே இல்லையே" என்றார்.

"என்னது?"

"ரேஸ்ல நான் மட்டும்தான் இருப்பேன். டெஸ்ட் பண்ணப்போ நீங்களும் இருந்தீங்க. உங்க பாரத்துக்குத்தான் தாராளம் இடிச்சுது. கறார் உங்களையும் சேர்த்து எடுத்த ஸ்பிரிங். நீங்க இல்லாம அது அமுங்கவே அமுங்காது."

"நான் இல்லாமதான் நீ ரேஸ் ஓட்டறேன்னு உனக்குத் தெரியாதா?"

"இத்தனை வருஷமா பின்னாடியே உக்காந்திருக்கீங்க. காரோட பாகம்னு நினைச்சுட்டேன்."

கணவர் அதை ஒரு நிபந்தனையைப் படிப்பது போல யோசித்துப் பார்த்தார். "பாகம்னா கேரண்டி உண்டா?"

"முடிஞ்சுபோச்சு."

இரண்டாவது ஓட்டத்துக்கு அழைத்தார்கள். டீச்சர் அசையவில்லை. "ரேஸுக்கு முழுக்குன்னு சொல்லிட்டேன்."

"காரணத்தோட சொன்ன. கறார் இல்லாம ஜெயிக்க முடியாது, அதனால முழுக்கு" என்றார் கணவர். "காரணம் தப்பா இருந்தா அந்த நிபந்தனை செல்லாது. எங்க ஆபீஸ்ல கேட்டுப் பாரு."

பட்டறைக்காரர் தலையாட்டினார். அவர் ஒரு காப்பீட்டு நிபந்தனையையும் படித்ததில்லை.

பச்சை எரிந்தது. மூக்கு தூக்கியது, வால் உட்கார்ந்தது, டொம் சத்தம் இல்லை. டயர் ரோட்டைப் பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு நடந்ததில் டாக்டருக்குப் பார்க்கக் கிடைத்தது, பின்னால் மாட்டியிருந்த சிவப்பு எழுத்து மட்டும். அதையும் தூரத்திலிருந்துதான் படிக்க முடிந்தது. கையுறையைக் கழற்றி, கை கொடுத்து, "என்ன ஸ்பிரிங்?" என்று மட்டும் கேட்டார்.

"வண்டியோட வந்ததுதான்" என்றார் டீச்சர்.

வீட்டுக்குக் கிளம்பினார்கள். கணவர் பின் கதவைத் திறந்து, மேல் விளிம்பைப் பிடித்து, ஒரு காலை உள்ளே வைத்தார். இருமவில்லை. "அம்மாடி" என்று வாய்விட்டே சொன்னார். வழக்கம் போல டிக்கி பக்கம் திரும்பி, "ம், வை. எவ்வளவு இறங்குதுன்னு பாரு" என்றார்.

டீச்சர் அங்கே இல்லை. கதவருகே வந்து நின்று, அந்த விரித்த உள்ளங்கையை அவருடைய முதுகின் அடியில் கொடுத்து, சீட்டில் அவர் முழுக்க உட்காரும்வரை எடுக்காமல் வைத்திருந்தார்.