கல்யாணமான கோதையும் அவள் குதிரையும்

அச்சு மை காயாத தாளைப் பிரித்தால் மண்ணெண்ணெய் போல ஒரு நெடி வரும். சிவப்பு வண்ணம் இடம் தவறி விழுந்து, உதட்டில் இருக்க வேண்டியது கன்னத்தில் இருக்கும். அந்தக் கோணல் கன்னத்தோடுதான் இளவரசி கோதை எங்களுக்கு அறிமுகமானாள். அறுபதுகளில் திருச்சியிலேயே அச்சாகி மாதம் இருமுறை வந்த ஒரு சிறுவர் பத்திரிகையின் சித்திரக்கதை நாயகி அவள். எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டில் அதற்குப் பெயர் "பொம்மைக் கதை". குதிரையில் பறந்து அவள் திருடர்களை விரட்டுவதைப் பார்க்க, பத்து வயதில் நானும், எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு டீச்சர் டிரெயினிங் போக ஆசைப்பட்ட என் அக்காவும் ஒரே பிரதியைப் பிடித்து இழுப்போம்.

பெரியவர்களும் அதைத் திருட்டுத்தனமாகப் படித்தார்கள் என்பது, அவர்கள் எழுதிய புகார்கள் பத்திரிகையில் வரத் தொடங்கியபோதுதான் தெரிந்தது. ஆண்டாள் பெயரை வைத்துவிட்டுப் பெண்ணைக் காடு மேடெல்லாம் அலையவிடலாமா, காலாகாலத்தில் கல்யாணம் செய்து வைக்க வேண்டாமா என்று எங்கள் ஊர்க்காரர்களே தாளித்திருந்தார்கள். பத்திரிகை பயந்துவிட்டது. அடுத்த இதழிலேயே கோதைக்குக் கல்யாணம். கடைசிப் படத்தில் குதிரை லாயத்தில் நின்றது, அவள் அடுப்படியில் நின்றாள்.

"அவளுக்கும் முடிஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டு அக்கா அழுதாள். தொட்டியத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வரவிருந்த சமயம் அது. "வாழைத் தோட்டம் உள்ள இடம், டிரெயினிங் எல்லாம் எதுக்கு?" என்று அம்மா பேச்சை முடித்துவிட்டிருந்தாள்.

பெண் பார்க்கும் நாளுக்குப் புடவை வாங்க அப்பா எங்களைத் தெப்பக்குளம் பக்கம் அழைத்துப் போனார். வழியில் பத்திரிகையின் பெயர்ப்பலகையைப் பார்த்த அக்கா, விறுவிறுவென்று மாடியேறிவிட்டாள். புடவைப் பையோடு மூச்சு வாங்க அப்பாவும், அவர் பின்னால் நானும் ஏறினோம். ஆசிரியர் சாது மனிதர். புகார் எழுதி வந்த கார்டுக் கட்டைக் காட்டி, "உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமாம்மா? கல்யாணமும் பண்ணியாச்சு. இனிமே என்ன பண்றது, சொல்லுங்க" என்றார்.

"ஏங்க, கல்யாணம் ஆனா குதிரை ஏற மறந்துடுமா?" என்றாள் அக்கா.

ஆசிரியர் சிரித்தார், அப்பா சிரிக்கவில்லை. பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும் வரை அக்காவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

தொட்டியத்துக்காரர்கள் கேசரியைச் சாப்பிட்டு முடித்ததும், அம்மா கண்ணைக் காட்டியும் கேட்காமல் அப்பா சொன்னார்: "ஒரு விஷயங்க. கல்யாணம் ஆனாலும் பொண்ணு டிரெயினிங் முடிப்பா. சம்மதம்னா மேல பேசலாங்க." வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளைதான் முதலில் தலையாட்டினார். அந்த ஒரு தலையாட்டலுக்காகவே அவரை வாய் நிறைய "அத்தான்" என்று கூப்பிட்டேன்.

அடுத்து வந்த இதழில், கழுத்தில் தாலியும் கையில் வாளுமாகக் கோதை மறுபடியும் குதிரை மேல் இருந்தாள். அதற்கும் வசவு வந்தது. இந்த முறை ஆசிரியர் அவளை இறக்கிவிடவில்லை.

அந்தப் பத்திரிகை நின்று எத்தனையோ காலமாயிற்று. அந்த மாடியில் இப்போது செல்போன் கடை. எங்கள் வீட்டில் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. இன்று பிடிக்காத கதையை உட்கார்ந்த இடத்திலிருந்தே போனில் திட்டிவிடலாம், யாரும் படியேற வேண்டியதில்லை. அக்கா தொட்டியத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றாள். அந்தப் பத்திரிகை ஆசிரியருக்கு மனதுக்குள் நன்றி சொல்லும்போதெல்லாம், பெயர் தெரியாத அந்தப் புகார்க்காரர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். அவர்கள் அவசரப்பட்டுக் கோதைக்குக் கல்யாணம் செய்து வைக்காமல் இருந்திருந்தால், அப்பா காதில் விழும்படி அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டாள்.