கோவிட் இல்லை, தைரியமா வா

உங்கள் பிள்ளைக்கு மூக்கு ஒழுகியபோது, "சாதாரண சளிதான்" என்று யார் யாரிடம் சொன்னீர்கள்? அவர்களில் யார் இடுப்பிலாவது ஒரு கைக்குழந்தை இருந்ததா என்று பார்த்தீர்களா?

சுப்ரியா பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

வங்காளத் தலைநகரின் டாக்குரியா பகுதியில் மூன்றாவது மாடி ஃபிளாட். கணவன் குருபிரசாத் வங்கி அதிகாரி. அவளுக்கு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. ஊரே அடைந்து கிடந்த 2020இல், ஆம்பன் புயல் தெருத்தெருவாக மரங்களைச் சாய்த்துவிட்டுப் போன வாரத்தில் அனந்த் பிறந்தான். அவனை அவள் வளர்த்தாள் என்பதைவிடப் பொத்திவைத்தாள் என்பதே சரி. பால் பாக்கெட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவினாள். பக்கத்திலேயே இருக்கும் ஏரிக்கரையைக் கூடக் கண்ணில் காட்டவில்லை. இரண்டு வருஷம் பையன் ஒரு தும்மல் போடவில்லை. ஆபீஸில் அதைப் பதக்கம் போலக் குத்திக்கொண்டு திரிந்தாள்.

பிறகு பிளே ஸ்கூல் திறந்தது. சேர்த்த வாரமே சளி. அது ஆறுவதற்குள் இருமல். விஜயதசமியன்று எழுத்தறிவிக்க நினைத்திருந்தார்கள், அன்றைக்கென்று காய்ச்சல். தள்ளிப்போட்டார்கள்.

"பூட்டிவெச்சது தப்பில்லம்மா. அதுல எத்தனையோ உயிர் தப்பிச்சுது" என்றார் டாக்டர். "ஆனா கோவிட்டுக்குச் சாத்தின கதவுக்கு வெளியே மத்த வைரஸும் நின்னுண்டிருந்தது. இப்போ கதவு திறந்தாச்சு. பழக்கமில்லாத உடம்புகளா பார்த்து எல்லாம் சேர்ந்து நுழையறது. இவன் சமாளிச்சுடுவான். கைக்குழந்தைகள் கிட்டே மட்டும் விடாதீங்கோ."

நம் வீட்டில் ஏது கைக்குழந்தை என்று சுப்ரியா அந்தக் கடைசி வார்த்தையைக் காற்றில் விட்டாள்.

ஆனால் தினமும் ஒன்று வந்துகொண்டுதான் இருந்தது. வீட்டுவேலைக்கு வரும் ஜர்னா ஜாதவ்பூருக்கும் அப்பாலிருந்து லோக்கல் ரயிலில் வருவாள். பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் நாலு மாதப் பெண் குழந்தை புச்கியையும் தூக்கிக்கொண்டு வருவாள். மற்ற வீடுகளில் முகம் சுளித்தார்கள். சுப்ரியா சமையலறை ஓரத்தில் பாய் விரித்துக் கொடுத்தாள். தன் பெரிய மனதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

2023 சரஸ்வதி பூஜை வந்தது. வங்காளத்தில் அன்றுதான் பிள்ளைகளுக்குச் சிலேட்டில் முதல் எழுத்து. 'ஹாத்தே கோடி' என்பார்கள். நண்பர்களையெல்லாம் அழைத்தாயிற்று. முதல் நாள் அனந்துக்கு மறுபடி இருமல்.

வேலை முடித்துக் கிளம்பிய ஜர்னா வாசலில் தயங்கினாள். சுப்ரியா அவளுக்குப் 'பௌதி', அண்ணி; அனந்த் 'கோக்கா', சின்னப் பையன். "பௌதி, கோக்காவுக்கு இருமல் பலமா இருக்கே. நாளைக்கு நான் வரலாமா? புச்கியை விட ஆளில்லை."

சுப்ரியா அலமாரியிலிருந்த கோவிட் கிட்டை எடுத்து, பையன் மூக்கில் குச்சியை விட்டுப் பார்த்தாள். ஒரே கோடு.

"ஒரு வாரம் தள்ளிப்போடேன்" என்றான் குருபிரசாத். "சரஸ்வதி ஒண்ணும் கோச்சுக்கமாட்டா."

"ஏற்கெனவே ஒரு தடவை தள்ளியாச்சு. இவ வரலைன்னா அத்தனை பேருக்கும் கிச்சுடி நீங்க கிண்டறேளா?"

"நான் கிண்டினா அடுத்த வருஷம் ஒருத்தரும் வரமாட்டா!"

சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் அவள் வாசல் பக்கம் திரும்பி வங்காளியில் சொன்னாள்: "கோவிட் இல்லை, ஜர்னா. தைரியமா வா."

அந்தக் காலத்தில் நம் எல்லோருடைய அறிவும் அந்த ஒற்றைக் கோட்டோடு நின்றுபோயிருந்தது. கோவிட் இல்லையென்றால் நோயே இல்லை என்று அர்த்தம்!

மறுநாள் 'அ' எழுதிய கையோடு அனந்த் ஓடிப்போய்ப் புச்கியின் இரு கன்னத்திலும் முத்தமிட்டான். எல்லோரும் வீடியோ எடுத்தார்கள்.

அடுத்த வாரக் கடைசியில் ஜர்னா வரவில்லை. போனில் அழுகைதான் வந்தது. குழந்தை பால் குடிக்கவில்லை. மூச்சிழுக்கும்போது விலா உள்ளே குழிகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலில் இரண்டு குழந்தைகள், வெளியே இன்னும் வரிசை. அடினோவைரஸ் என்றார்கள். அதற்குள் அனந்த் குணமாகி, வீட்டில் பலூனைத் துரத்திக்கொண்டிருந்தான்.

சுப்ரியா பழப்பையோடு போனபோது வார்டு வாசலில் ஜர்னாவின் கணவன் கத்திக்கொண்டிருந்தான். "இந்தக் குளிர்ல எவ பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவா? நீதான்டி காரணம்!" உறவுக்காரி ஒருத்தி கறுப்புக் கயிற்றை முறுக்கியபடி, "யார் கண்ணு பட்டுதோ" என்றாள். ஜர்னா தலை நிமிரவில்லை. "ஆமா, நான்தான் குளிப்பாட்டினேன்" என்று முனகினாள்.

பேசாமல் இருந்திருக்கலாம். பழத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். குளிரும் கண்ணேறும் பழியைச் சுமந்தால், படித்தவள் வீட்டுக் கதவை யார் தட்டப்போகிறார்கள்? அந்தச் சௌகரியம் ஒரு நொடி அவளுக்கு இனித்தது. இனித்ததே என்று உடம்பு கூசியது.

"குளிப்பாட்டினதால இல்லை. கண்ணும் படலை" என்றாள். "என் பிள்ளைக்கு இருமல் இருந்தது. வரட்டுமான்னு இவள் கேட்டாள். நான்தான் வரச் சொன்னேன்."

எங்கே ஒட்டியது என்று எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்ல முடியாது, ரயிலிலும்தான் இருமினார்கள். அது அவளுக்கும் தெரியும். ஆனால் அந்தச் சந்தேகத்துக்குள் போய் ஒளிந்துகொள்ள அவளால் முடியவில்லை.

ஜர்னா மெல்ல நிமிர்ந்தாள். "வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருப்பேனே, பௌதி. நானா நின்னா வேலை போயிடுமேன்னுதானே உங்களைக் கேட்டேன்?"

சுப்ரியா பழப்பையை அவள் பக்கத்தில் வைத்தாள்.

புச்கிக்கு ஆக்ஸிஜன் குழாயை எடுக்க நாளாயிற்று. ஜர்னா டாலிகஞ்சில் வேலைக்கு வேறு வீடு பார்த்துக்கொண்டாள். "குழந்தை பிழைச்சுடுத்தே, இன்னும் ஏன் மறுகறே?" என்று குருபிரசாத் ஒருநாள் கேட்டான்.

"பக்கத்துக் கட்டில்ல பிழைக்காததும் இருந்தது" என்றாள் சுப்ரியா.

இதைப் படித்துவிட்டு அவளைத் திட்டுவது சுலபம், திட்டுங்கள். பிறகு ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டில் யாராவது இருமினால், கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்ணை அவள் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே கூப்பிட்டு, "இந்த வாரம் வராதே, சம்பளத்தில் பிடிக்கமாட்டேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி பிடிக்காமலும் இருங்கள்.