மந்திரித்த இறக்கை

சுங்கை லாலாங் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த மோரிஸ் நல்லவன். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவான். பஸ்ஸில் வயதானவர்களுக்கு எழுந்து இடம் விடுவான். உலகத்தில் ஒரே ஒரு மனிதரைத்தான் அவனால் மன்னிக்க முடியவில்லை. அதற்கு அவன் முயற்சி செய்ததாகவும் தகவல் இல்லை.

அந்த மனிதர் செல்லப்பா. அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்தார். கோவில் திருவிழா என்றால் மைக் அவரிடம்தான். அந்தப் பங்குக்கு எத்தனையோ ஃபாதர்கள் மாறி மாறி வந்தார்கள். மைக் மட்டும் கை மாறவில்லை.

விஷயம் நடந்தது எழுபத்தாறாம் ஆண்டுத் திருவிழாவில். மோரிஸுக்கு அப்போது கல்யாணமாகவில்லை. கப்பலில் வேலை பார்த்த பெரியப்பா மகன் வெளிநாட்டில் இருந்து, விரல் பருமனில் சில வெடிமருந்துக் குழாய்களைக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். காகிதத்தைச் சுருட்டி, உள்ளே ஒரு குழாயைச் செருகி, மோரிஸ் ராக்கெட் செய்தான். கோவில் திடலில், ஊரே பார்க்கப் பற்றவைத்தான். அது தென்னை உயரம் போயிற்று. வீட்டில் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்ததுபோல் சட்டென்று திரும்பிற்று. மாதர் சங்கத்தார் விற்றுக்கொண்டிருந்த ரோஸ் சிராப் என்ற சிவப்புச் சர்பத் ட்ரம்முக்குள் தலைகுப்புற விழுந்தது.

மைக் கரகரத்தது.

"அன்பான பங்கு மக்களே! எங்கட மோரிஸ் சந்திரனுக்கெண்டு வெளிக்கிட்டவர். பாவம், வழியில தாகமெடுத்து, சிராப் குடிக்கத் திரும்பி வந்திட்டார்!"

திடல் குலுங்கியது. ஃபாதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மோரிஸும் சிரித்தான். அந்த இடத்தில் சிரிக்காமல் நிற்பதற்கு இன்னும் பெரிய மனது வேண்டும்.

அன்றோடு அவன் ஞானஸ்நானப் பெயர் போய், 'சிராப் மோரிஸ்' ஆனான். பாசாரில் மீன்காரர் அப்படித்தான் கூப்பிட்டார். காப்பிக்கடைச் சீனர் "ஏய் சிராப், கோப்பி ஓவா, பால் கோப்பியா?" என்றார். பெண் பார்க்கப் போன இடத்தில் பிரிஜெட்டின் அப்பா தாடையைச் சொறிந்துகொண்டு, "பையன் நல்ல பையன்தான் லா. ஆனா கல்யாணப் பத்திரிகையில எந்தப் பேரைப் போடுறது?" என்று கேட்டார்.

போகப் போக மறந்துவிடும் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். ஊரும் மறக்கவில்லை, அவனும் மறக்கவில்லை. கோபத்துக்குத் தண்ணீர் ஊற்றி, வெயில் காட்டி, பிள்ளைபோல் வளர்த்தான். தன் பேரைச் சிராப்பில் முக்கியவரைச் சிராப்பில் முக்க வேண்டும். அதுவும் அதே திடலில், அதே கூட்டத்துக்கு முன்னால். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கல்யாணமாகி, பக்கத்து ஊரான பாக்கார் ஆராங்கில் வீடு பார்த்து வந்தபின் வேலை தொடங்கியது. இந்த முறை வெறும் ராக்கெட் இல்லை. இரண்டு தோளிலும் ஒவ்வொரு கிளைடரைச் சுமந்து போகிற ராக்கெட். எடையே தெரியாத பூலாய் மரத்தைக் காகிதம்போல் சீவி இறக்கை செய்தான். மூக்குக் கனத்துக்குத் தூண்டில் ஈயம். ஏறும்போது ராக்கெட்டின் வேகமே கிளைடர்களைக் கொக்கியில் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். உச்சியில் மருந்து கடைசியாக ஓர் உதை உதைக்கும். ராக்கெட் பின்வாங்க, கிளைடர்கள் இரண்டும் கொக்கியை விட்டு நழுவித் தம் போக்கில் மிதந்து இறங்கும்.

வலது கிளைடர் ஊருக்கு. இடது கிளைடர் செல்லப்பாவுக்கு. அதன் அடிவயிற்றில், சிகரெட் பெட்டித் தாளில் மடித்து ஒட்டிய சிவப்புப் பலகாரக் கலர்ப்பொடி. எதிலாவது இடித்தால் தாள் கிழியும். பொடி அவர் திருவிழாவுக்கென்றே மாட்டும் வெள்ளைக் கோட்டில் கொட்டும். வியர்வை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

தோட்டத்துப் பந்துத் திடலில் சோதனை. ஒரு நாற்காலியில் வெள்ளைச் சட்டையை மாட்டி, எதிரே ஓர் அகப்பையை நட்டு வைத்திருந்தான். இடது கிளைடர் வளைந்து வந்து சட்டையின் மார்பில் மோதும்வரை, அதன் வாலைத் திருகுவதும் ஏவுவதுமாக இருந்தான்.

சாப்பாடு கொண்டுவந்த பிரிஜெட் நாற்காலியைச் சுற்றிப் பார்த்தாள்.

"யாருங்க இது?"

"யாரும் இல்ல."

"யாரும் இல்லாதவருக்கு எதுக்குங்க மைக்கு?"

மோரிஸ் சோற்றைப் பிசைந்தான்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுத் திருவிழா வந்தது. செல்லப்பா கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு சூட்டில் மேடையில் நின்றார். பினாங்கில் செய்துகொண்ட புதுப் பல்செட் வாயில் பளபளத்தது. அதைக் காட்டுவதற்காகவே காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். மோரிஸ் காற்றைப் பார்த்தான். காற்றே இல்லை. கடவுள் தன் பக்கம் என்று நினைத்தான்.

அப்போதுதான் செல்லப்பாவுக்குப் பக்தி வந்தது.

"ஃபாதர், புதுசெண்டால் மந்திரிக்க வேணும்! நேற்று வாங்கின மோட்டார் சைக்கிளையே மந்திரிச்சனாங்கள். ராக்கெட்டை மட்டும் சும்மா விடலாமோ?"

அந்தப் பங்கில் தையல் மெஷின் வாங்கினாலும் தீர்த்தம் தெளிக்காமல் ஊசி இறங்காது. வேண்டாம் என்று எந்தக் கத்தோலிக்கன் சொல்வான்? மோரிஸ் கலர்ப்பொடியை மட்டும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். ஃபாதர் தாராள மனதுக்காரர். தெளித்தது அத்தனையும் இடது கிளைடரின் ஓர் இறக்கையில் போய் விழுந்தது. தாள்போல் சீவிய மரம் தீர்த்தத்தை உறிஞ்சியது. மோரிஸின் கண் முன்னால் இறக்கையின் நுனி, அப்பளம்போல் மெல்ல வளைந்தது.

"என்ன மோரிஸ், பயமோ?" என்றது மைக்.

பற்றவைத்தான்.

ராக்கெட் கோவில் மணிக்கூண்டைத் தாண்டிப் போயிற்று. உச்சியில் ஒரு சின்ன 'பட்'. இரண்டு கிளைடர்களும் பிரிந்தன. கூட்டம் "ஆ" என்றது. வலது கிளைடர் புறா மாதிரி இறங்கியது. இடது கிளைடர் செல்லப்பாவை நோக்கித்தான் வந்தது. மேடைக்குப் பக்கத்தில் வந்ததும், ஈர இறக்கை சரிந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் குனிந்தார்கள். அது அவர்களைத் தாண்டி, மாதர் சங்கத்துக் கடைக்குள் புகுந்து, சிராப் ட்ரம்முக்குள் விழுந்தது.

ஏழு வருஷம் மோரிஸ் வளர்த்த பிள்ளை, முன்பு போன அதே இடத்துக்குப் போயிருந்தது.

செல்லப்பா அந்த நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் கதை இதோடு முடிந்திருக்கும். அவரா மூடுவார்?

"பாத்தியளே! இவ்வளவு வருசமாகியும் மோரிஸ்ட தாகம் அடங்கேல்லை! அப்பிடி என்ன ருசியெண்டு நானும் ஒருக்கால் குடிச்சுப் பாக்கிறன்!"

கூட்டம் கைதட்டியது. கைதட்டினால் செல்லப்பாவுக்குக் கண்மண் தெரியாது. கடைக்குப் போய், கிளைடரை ஒதுக்கிவிட்டு, அது விழுந்த இடத்திலேயே குவளையை முக்கினார். தாள் கிழிந்து மிதந்த பொடியெல்லாம் குவளைக்குள் போயிற்று. ஒரே மூச்சில் குடித்தார். மேடை ஏறி, மைக்கைப் பிடித்து, ஊருக்கே தெரியும்படி சிரித்தார்.

முன் வரிசையில் இருந்த அகத்தா அக்கா "யேசுவே!" என்று சிலுவை போட்டுக்கொண்டாள். உதடு, நாக்கு, புதுப் பல்செட் எல்லாம் கோழி அறுத்த கத்திபோல் சிவப்பு. அவள் எதற்குச் சிலுவை போடுகிறாள் என்று புரியாமல் செல்லப்பா இன்னும் அகலமாகச் சிரித்தார். திடல் புரண்டு சிரித்தது. ஃபாதர் மறுபடியும் கண்ணைத் துடைத்தார். மோரிஸ் மட்டும் சிரிக்கவில்லை. பந்தியில் உட்கார்ந்தவன்போல், ஒவ்வொரு பல்லாக நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உதடு கழுவினால் போயிற்று. பல்செட் எதற்கும் மசியவில்லை. உப்பு போட்டுத் தேய்த்தார், எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தார். ரோஸ் நிறத்துக்கு இறங்கி, அங்கேயே நின்றுகொண்டது. 'சிராப்' என்ற பட்டம் மோரிஸை விட்டு இறங்கி, செல்லப்பாமேல் ஏறி உட்கார்ந்தது. அடுத்த திருவிழாவில் மைக் கை மாறியது.

பூசை முடிந்து வாசலில் பார்க்கும்போதெல்லாம் மோரிஸ் மிகவும் பணிவாக விசாரிப்பான்.

"அண்ணே, பல்லு எப்படிண்ணே இருக்கு?"

செல்லப்பா வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டுவார்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் மோரிஸ் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான். ஆபீஸ் பேனாவை வீட்டுக்குக் கொண்டுபோனது, மாமனாரைத் திட்டியது எல்லாவற்றையும் ஒப்புக்கொடுத்தான்.

"வேற ஏதாச்சும் இருக்கா, மகனே?" என்றார் ஃபாதர்.

மோரிஸ் உண்மையாகவே யோசித்துப் பார்த்தான். தான் குறிவைத்தது கோட்டுக்கு, அது தப்பிவிட்டது. கிளைடரைத் திருப்பியது தீர்த்தம். தெளித்தது திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர்.

"இல்ல ஃபாதர்," என்றான். "மிச்சத்த நீங்கதான் சொல்லணும்."