வெறும் போசி அனுப்பத் தெரியாதவள்

அறுபதுகளில் நான் ஒரு பனியன் கம்பெனியில் பீஸ் மடித்துக் கட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் மிஷின் ஓட்டினார். வாரத்தில் இரண்டு நாள் டபுள் ஷிப்ட் என்று சோற்றுப் போசியைத் தூக்கிக்கொண்டு போனால் மறுநாள் காலையில்தான் வருவார். இரண்டு வருஷம் நம்பினேன்.

ஒரு நாள் கழுவ எடுத்த போசிக்குள் ஒரு கைப்பிடி கடலைக்காய் கிடந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள். துளி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். மிஷினா கடலைக்காய் போடும்? எவளோ கழுவிவிட்டு, பழக்கதோஷத்தில் போட்டிருக்கிறாள். என்னைத் தள்ளிவிடுவாரோ, பொறந்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டுமோ என்று ஒரு மாதம் பயந்து செத்தேன். சோறு இறங்கவில்லை.

அவர் கம்பெனியில் விசாரித்தால் டபுள் ஷிப்ட்டே கிடையாதாம். அவர் போகிற ஊரையும் அங்கே ஒருவர் சொல்லிவிட்டார். லீவு போட்டுப் பெருமாநல்லூருக்குப் பஸ் ஏறினேன், சண்டைக்குத்தான். அவள் நூல் சுற்றிப் பிழைக்கிறவள், புருஷனை இழந்தவள். என்னைப் பார்த்து முகம் வெளுத்தாலும் முதலில் தண்ணீர் கொடுத்தாள். பாதிச் சண்டை அங்கேயே போயிற்று.

"தாலி வேணாமுங்கக்கா, ஒருக்கா கட்டுனதே போதும். உங்க ஊட்டுப் பக்கமும் வரமாட்டனுங்க. ரெண்டு நாள் பேச்சுத்தொணைக்கு ஒரு ஆளு இருந்தாப் போதுமுங்க."

எங்கள் தெருவில் இரண்டு பெண்டாட்டிகளை ஒரே அடுப்பில் மோதவிட்டவர் உண்டு. ஊருக்கே தெரிந்த சின்னவீட்டை மறைத்துவிட்டதாக நினைத்தவரும் உண்டு. இவள் கேட்டது இரண்டும் இல்லை. அவரை ஒரு வார்த்தை கேட்காமல் நாங்களே பேசி முடித்தோம்: செவ்வாயும் வெள்ளியும் அங்கே, நோம்பி பண்டிகை, நோவு நொடி வந்தால் சொல்லி மாற்றிக்கொள்வது, பொய் எந்த வீட்டிலும் கூடாது. எனக்கும் வேறொரு துணை வேண்டுமென்று மனசு வந்தால் அவர் தடுக்கக் கூடாது என்றேன். அவள் சிரிக்கவில்லை, நியாயம்தானுங்க என்றாள். திரும்பும் பஸ்ஸில் அப்பாடா என்றிருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு தின்றேன்.

அடுத்த செவ்வாய் அவர் டபுள் ஷிப்ட் என்று வாயெடுத்தார். இரண்டு பேருக்கான சோற்றைப் போசியில் போட்டு நீட்டி, எல்லாம் தெரியும், பேசியாகிவிட்டது, போய் வாருங்கள் என்றேன். அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கோபமில்லையா என்று கேட்டார்.

"கோவம் இருக்குதுங்க," என்றேன். "பயந்தான் போயிருச்சு."