இரண்டாய்ப் பிரிந்த நட்சத்திர மீன்

உப்புத் தண்ணீரின் வாடையை நான் முதன்முதலில் முகர்ந்தது கடற்கரையில் அல்ல. விருத்தாசலத்தில், ஜங்ஷன் சாலையில் மல்லிகா அக்கா நடத்திவந்த ‘கலர் மீன்’ கடையில்தான். பீங்கான் கம்பெனியில் அம்மாவுக்கு வேலை முடியும்வரை நானும் தங்கை செல்வியும் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் கிடப்போம்.

கடையில் கடல்நீர்த் தொட்டி ஒன்றே ஒன்று. அதற்காக வாங்கிவந்த பவளப்பாறைத் துண்டில் ஒட்டிக்கொண்டு, யாரும் கேட்காமலே வந்து சேர்ந்திருந்தது ஒரு நட்சத்திர மீன். சுண்டுவிரல் நகமளவு, ஆறு கைகள். செல்வி அதற்குப் ‘பொட்டு’ என்று பெயர் வைத்தாள். ஒரு மாலை யாரும் பார்க்காதபோது, அது நகருமா என்று பார்க்க ஈர்க்குச்சியால் நெம்பினேன். மறுநாள் போனால், மூன்று மூன்று கைகளோடு பாதிப் பாதியாகக் கிடந்தது.

“யாரு கைய வுட்டது?” என்று கத்தினார் மல்லிகா அக்கா. எந்நேரமும் தொட்டியே கதியென்று நின்றவள் செல்வி என்பதால் பழி அவள்மேல் விழுந்தது. “நான் இல்லக்கா” என்று தேம்பினாள். நான் வாயைத் திறக்கவில்லை.

“இனிமே கடைப் பக்கம் வராத” என்றுவிட்டார். அதன்பின் செல்வி கம்பெனி வாசலில், களிமண் மூட்டைமேல் தனியாக உட்கார்ந்து அம்மாவுக்காகக் காத்திருந்தாள். நான் மட்டும் கடைக்குப் போனேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

சில வாரங்களில் இரண்டு பாதியிலும் கடுகளவில் புதுக் கைகள் முளைத்தன. மீன் கொண்டுவருபவர் பார்த்துச் சிரித்தார்: “இந்த வகை தானாவே ரெண்டா பிச்சிக்குங்க. ரெண்டும் பொழைச்சிக்கும்.”

மல்லிகா அக்கா கடையை அப்படியே போட்டுவிட்டு என்னோடு கம்பெனிக்கு ஓடிவந்தார். செல்வியின் கையைப் பிடித்து, “தெரியாம திட்டிட்டேன்டி, வா” என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. குச்சியால் நெம்பியதைச் சொன்னேன். செல்வி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தானாக வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். மல்லிகா அக்கா எந்த ஊரில் இருக்கிறாரோ, தெரியவில்லை. போன மாதம் செல்வியும் நானும் பஸ்ஸில் அந்த வழியே போனபோது, “அன்னைக்கி ஏன் எங்கிட்ட அவ்ளோ சீக்கிரம் பேசிட்ட?” என்று கேட்டேன்.

“வூட்ல ஒன்ன வுட்டா எனக்கு வெளையாட வேற யாரு இருந்தாக்கா?” என்றாள்.