சாமி குளத்தில் விட்ட ஆமை

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று செங்கம் ரோட்டில் என் லாட்ஜ் மூன்று மாடி. கார்த்திகை தீபத்துக்கு அறை கேட்டுக் கோட்டு போட்ட ஆட்களே என் முன்னால் கைகட்டி நிற்பார்கள். எல்லாம் இந்த மூளை சம்பாதித்தது. அப்பன் வைத்துவிட்டுப் போனதென்று ஒரு செங்கல்கூடக் கிடையாது. யார் கேட்டாலும் இப்படித்தான் சொல்வேன். கூடவே ஓர் ஆமைக் கதையும் சொல்வேன். ஒன்பது வயதிலேயே நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று காட்டுகிற கதை. போன மாதம் வரைக்கும் அது எனக்குப் பெருமையான கதைதான்.

அப்பா கல் உடைக்கிறவர். மலைக்குப் பின்னால் மேட்டுக்காட்டில் வேலை. ஒருநாள் சாயங்காலம் தலைத்துண்டில் எதையோ முடிந்துகொண்டு வந்தார். அவிழ்த்தால் ஆமை. கருத்த முதுகில் மஞ்சள் கோடுகள், நட்சத்திரம் நட்சத்திரமாக. அம்மா கூடையைக் கவிழ்த்து அதற்கு வீடு கட்டினாள். நான் முருங்கைக்கீரை உருவிப் போட்டேன், தக்காளி பிதுக்கிப் போட்டேன். பத்து நாளில் என் காலடிச் சத்தம் கேட்டாலே கூடைக்குள்ளிருந்து முட்டத் தொடங்கியது. அந்தத் தெருவில் யாரிடமும் ஆமை இல்லை. என்னிடம் இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. இறங்குகிற மாதிரி தெரியவில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து அத்தை வந்தாள், அப்பாவுக்கு அக்கா. வந்தவள் அம்மாவின் நெற்றியைத் தொடுவதற்கு முன்னால் கூடையைத் தூக்கிப் பார்த்தாள்.

"வூட்டுக்குள்ள ஆமைய வெச்சிக்கினு காய்ச்சல் எறங்கலன்னா எப்பிட்றா எறங்கும்? சுத்தியால ஒண்ணு போட்டுத் தூக்கிக் கடாசு."

நான் ஆமையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டேன். அப்பா மெதுவாகச் சொன்னார்: "எட்த்தாந்த எடத்துலயே வுட்டுர்றேன்கா."

அங்கே நரி தின்றுவிடும், யாராவது பிடித்துச் சமைத்துவிடுவார்கள், நானும் இனிமேல் பார்க்க முடியாது. இத்தனையையும் கட்டிலுக்கு அடியிலேயே யோசித்து முடித்தேன். வெளியே தலையை நீட்டி, "சாமி கொளத்துல வுடலாம் அத்த. அதுவும் பொழைக்கும், நமக்கும் புண்ணியம்" என்றேன். தெருக்கோடியிலேயே குளம். தினமும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற கணக்கை மட்டும் வெளியே சொல்லவில்லை.

அத்தைக்கு முகமெல்லாம் பல். "பாத்தியா, இம்மாம் புள்ளைக்கு இருக்கிற புத்தி உனக்கு இல்லியே!"

அப்பா சுத்தியலைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "கொளத்துலயா? நான் பாத்த எடத்துல சொட்டுத் தண்ணி இல்லியேக்கா..."

"ஆம தண்ணில இல்லாம பின்ன மரத்துலயா குந்தும்? கல்லு கூடயே கெடந்து நீயும் கல்லாவே பூட்டடா."

நான்தான் முதலில் சிரித்தேன். காய்ச்சலோடு அம்மாவும் சிரித்தாள். அப்பா சுத்தியலை மூலையில் சாய்த்து வைத்தார்.

மறுநாள் காலை ஆமையின் முதுகில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் சுற்றிக் கொண்டுபோனோம். தண்ணீர் தொடுகிற படியில் வைத்தேன். அது திரும்பி என்னைப் பார்த்து ஏறப் பார்த்தது. திருப்பி வைத்தேன். மறுபடியும் ஏறியது. என்னை விட்டுப் போக மனசில்லை என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாவது தடவை தூக்கி உள்ளே போட்டேன். நாலு காலும் பரபரவென்று அடித்தன. "நீந்துது! நீந்துது!" என்று குதித்தேன். பிறகு இறங்கிப் போனது. மேலே குமிழ் குமிழாக வந்தது.

அப்பா ஒரு படி இறங்கினார். "தண்ணியில கால வெக்காதடா, தோஷம் உம்மேலயே ஒட்டிக்கும்" என்று அத்தை அதட்டினாள். அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

பெரியாஸ்பத்திரி மாத்திரையில் அந்த வாரமே அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டது. பேர் எனக்குக் கிடைத்தது. என் வாழ்க்கையில் நான் முடித்த முதல் பேரம் என்று இதைத்தான் சொல்வேன். லாட்ஜ் வரவேற்பில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். கடைசி வருஷங்களில் அப்பா என்னோடுதான் இருந்தார். அங்கேயே பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருப்பார். அவரைக் கையால் காட்டி, "எங்கப்பா காட்டுல வுடச் சொன்னாரு. இவுருக்கு இன்னா தெரியும்?" என்று முடிப்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். அப்பா டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போவார்.

போன மாதம் பேத்தி சென்னையிலிருந்து ஓர் ஆமையைக் கொண்டுவந்து என்னிடம் விட்டாள். சிவப்புக்கால் ஆமை, எங்கோ தென் அமெரிக்காப் பக்கத்து ஜாதியாம். காலெல்லாம் குங்குமத்தைத் தெளித்த மாதிரி சிவப்புப் புள்ளி. அதைக் குளிப்பாட்டலாமென்று நிறைந்த தண்ணீர்த் தொட்டியில் இறக்கப் போனேன். பேத்தி அலறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஐயோ தாத்தா! இது தரையில இருக்கிற ஆம. நீந்தத் தெரியாது, மூச்சு முட்டிச் செத்துரும். தட்டுல கொஞ்சூண்டு தண்ணி வெச்சா போதும்."

"முதுவுல நட்சத்திரம் போட்டிருக்குமே, அது?"

"அதுவும்தான் தாத்தா."

கையில் இருந்ததை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

கதையில் நான் சொல்லாமல் விடுகிற பகுதி ஒன்று உண்டு. பெருமைக்கு உதவாது என்று விட்டதுதான். குளத்தில் போட்ட மூன்றாம் நாள் விடியற்காலை அப்பா வீட்டுக்கு வந்தபோது இடுப்புவரை நனைந்திருந்தார். தோளில் கடப்பாரை. நகத்துக்குள் ஈரமண். காலையில் கல் உடைக்கப் போகிறவர் எதற்குக் குளத்துப் பக்கம் போய் மண்ணைத் தோண்டிவிட்டு வருகிறார் என்று நான் யோசிக்கவில்லை. "ஆமையப் பாத்தியாப்பா?" என்று மட்டும் கேட்டேன்.

"பாத்தேன். அடி ஆழத்துக்குப் பூட்ச்சி. நல்லா கீது."

"கீர போட்டா மேல வருமா?"

"போடு" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம், வேலைக்குப் போகும் முன்னால் அப்பாவே முருங்கைக்கீரை ஒடித்துவந்து என் கையில் கொடுத்தார். நான் படியில் உட்கார்ந்து ஒவ்வொரு இலையாக உருவிப் போட்டேன். தண்ணீர் அசைந்தபோதெல்லாம் "தின்னுது, பாரு!" என்று கத்தினேன். மேல் படியில் நின்று அப்பா ஒவ்வொரு தடவையும், "ஆமாண்டா, தின்னுது" என்றார்.